தார்ப்பாயைத் தொடக் கூடாது

வெர்னா ஸ்டூபெக் தன் புருஷன் கிளீட்டஸோடு நாலு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் குடிக்கவில்லை, சூதாடவில்லை, வேறு பெண் பின்னால் போகவில்லை. தீயணைப்பு நிலைய மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கினான், அவ்வளவுதான். அந்தக் கையை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. சாப்பிடும்போது அது உப்பு டப்பாவை நோக்கி நீண்டால்கூட, "தூக்கு, தூக்கு. உனக்குத்தான் தூக்கிப் பழக்கமாச்சே" என்பாள்.

கிளீட்டஸ் பதில் சொல்வதில்லை. குழாய் ரிப்பேர் வேலை பார்க்கிறவன். எதைத் திறந்தால் வீடு முழுக்க வெள்ளம் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் ஒரு மூலையில் இருக்கும் எங்கள் ஹார்ன்ஸ்வில்லில் பேஸ்பால் அணி ஊர்ச் சொத்தாக இருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, பத்திரப்படியே அப்படித்தான். ஆற்றங்கரையில் செங்கல் சூளைகள் எரிந்த காலத்தில் தொழிலாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிய அணி அது. பெயரே 'செங்கல்காரர்கள்'. சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன, அணி அணையவில்லை. பங்குப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சமையலறைச் சுவரில், கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். சில வீடுகளில் கல்யாணப் போட்டோ இறங்கியிருக்கும், பத்திரம் இறங்கியிருக்காது. பெரிய அணிகளுக்குப் போகத் துடிக்கும் பையன்கள் இங்கே வந்து ஓரிரு வருடம் அடி வாங்கிக் கற்றுக்கொள்வார்கள். தேறியவன் மேலே போவான், தேறாதவன் சொந்த ஊருக்குப் போவான். போகிறவர்களைப் பற்றி எங்களுக்கு வருத்தம் கிடையாது. அணி இருக்கும், நாங்கள் இருப்போம்.

வெர்னா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஊரில் பாதிப் பேர் அவள் பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள்தான். கடைசி சீட்டில் சூயிங்கம் ஒட்டுகிறவனைக் கண்ணாடியில் பார்த்தபடியே, வண்டியை நிறுத்தாமல், பெயர் சொல்லி அதட்டுவாள். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டாள். குரல் மட்டும் இன்னும் தாண்டவில்லை. அந்தக் குரலுக்கு ஊரில் இன்னொரு வேலையும் இருந்தது. மழை வந்தால் தார்ப்பாய் இழுக்கச் சொல்லிக் கத்துவது.

மற்ற ஊர்களில் மழை பெய்தால் மைதானத்து வேலைக்காரர்கள் ஓடிப்போய்த் தார்ப்பாயை விரிப்பார்கள், ஜனங்கள் கூரைக்கடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஹார்ன்ஸ்வில்லில் அப்படி இல்லை. ஆட்டக்காரர்கள் ஓடித் தொடும் மூன்றாவது பேஸ் முனைக்குப் பக்கத்து காலரியில் இருப்பவர்கள் சின்னக் கதவைத் திறந்துகொண்டு தாங்களே இறங்கிவிடுவார்கள். பீப்பாய் போன்ற பெரிய இரும்பு உருளையில் சுற்றிய தார்ப்பாயை உருட்டி, விளிம்பைப் பிடித்து, ஆட்டக்காரர்கள் ஓடும் செம்மண் தரை முழுக்க மூடும்படி இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒருவன் முந்தினால் காற்று அடியில் புகுந்து ஆளையே தூக்கிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் காலெடுத்து வைக்க ஒரு குரல் வேண்டும். "இழு!" என்று வெர்னா கத்தினால் ஆற்றுக்கு அக்கரையில் நாய் எழுந்து நிற்கும். வழுக்கி விழுந்தவன் அன்றைக்கு எல்லோருக்கும் பியர் வாங்கித் தர வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஒரு மழையில் ஒரு ஒல்லிப் பையன் விழுந்தது மட்டுமல்ல, தார்ப்பாய்க்கு அடியிலேயே மாட்டிக்கொண்டான். வெர்னா உள்ளே குனிந்து, அவன் பெல்ட்டைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். அந்தப் பையன்தான் கிளீட்டஸ். பியர் வாங்கிக் கொடுத்ததோடு விடாமல் கல்யாணமும் பண்ணிக்கொண்டான்.

அப்படிப்பட்டவன் கையைத் தூக்கலாமா?

கம்பெனியின் பெயர் பிராக்ஸ்வெல் குழுமம். நாடு முழுக்க இந்த மாதிரிச் சின்ன அணிகளை வாங்கிக் குவித்து வைத்திருந்தது, சிலர் வீட்டில் காலி டப்பாக்களைச் சேர்த்து வைப்பார்களே அப்படி. அதன் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். மண்டபத்தில் எல்லோருக்கும் வறுத்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் போட்டார்கள். காலரிக் கூரை மாற்றித் தருகிறோம், அணி இங்கேயேதான் இருக்கும், பெயர் மாறாது, ஒன்றுமே மாறாது என்றார்கள். ஒன்றுமே மாறாது என்றால் எதற்கடா வாங்குகிறீர்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெர்னாவுக்குத் தோன்றியது, கேட்டாள். "நல்ல கேள்வி மேடம்" என்று பல்லைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்கள். பிறகு அணியை விற்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். வெர்னா சுற்றிலும் பார்த்தாள். கைகள் எழும்பிக்கொண்டே இருந்தன. பக்கத்து நாற்காலியில், எலும்பும் தோலுமாக, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கை.

ஊர்ப் பெரியவர்கள் சிலர் பிடிவாதம் பிடித்ததால் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நிபந்தனை சேர்ந்தது. மைதானம் ஆட லாயக்கில்லை என்று போட்டிகளை நடத்தும் லீக் சொன்னால் ஒழிய, அணியை ஊரைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது. அதை நம்பி எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

முதல் வருடமே பெயர் போனது. செங்கல்காரர்கள், 'வறுத்த வெள்ளரிகள்' ஆனார்கள். பொய் இல்லை. தொப்பியில் கண்ணும் வாயும் வைத்த ஒரு வெள்ளரிக்காய் எண்ணெயில் குதித்துக்கொண்டிருந்தது. சிரிப்பாக இருந்தால் தொப்பி நன்றாக விற்குமாம், எங்கோ உட்கார்ந்திருக்கிறவன் கண்டுபிடித்தது. சூளையில் வெந்து செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வெள்ளரிக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். அடுத்து சர்ச் பெண்கள் விற்ற பியரோகி போனது. உருளைக்கிழங்கை உள்ளே வைத்து வெண்ணெயில் புரட்டிய அந்தக் கொழுக்கட்டைக்காகவே ஆட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு. அதற்குப் பதிலாக ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துச் சுடவைத்த ஏதோ ஒன்று வந்தது. ஆட்டத்துக்கு நடுநடுவே ஆர்கன் வாசித்த மனுஷன் போனார், டிக்கெட் கிழிக்கிற கிழவர் போனார். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆரன் பெட்ராக்குக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்தது. அதில் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூரை மட்டும் போகவில்லை. அதே ஓட்டைகளோடு அங்கேயே இருந்தது.

பிறகுதான் தார்ப்பாய் விஷயம். டிரெவின் என்று ஒரு இளவட்டத்தை மேலாளராகப் போட்டிருந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, வெயிலில் நடந்தே அறியாத பூட்ஸ். ஒரு ஆட்டத்துக்கு நடுவே ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது. காப்பீட்டுக் காரணங்களால் பார்வையாளர்கள் இனி மைதானத்தில் இறங்கக் கூடாது, தார்ப்பாயைத் தொடக் கூடாது, மீறினால் வெளியேற்றப்படுவார்கள். வெர்னா படியேறி நேரே அவனுடைய கண்ணாடி அறைக்குப் போனாள்.

"தம்பி, அந்தத் தார்ப்பாயை வாங்கிக் கொடுத்தது யாருன்னு தெரியுமா?"

"தெரியல மேடம்."

"நாங்க. கேக் வித்து, பழைய துணி வித்து வாங்கினோம். அதைத் தொடாதேன்னு எங்ககிட்டயே சொல்ற."

"உங்க உணர்வு புரியுது மேடம். யாராவது விழுந்து அடிபட்டா கம்பெனிதானே பொறுப்பு?"

"விழுந்தவன் பியர் வாங்கித் தருவான். அதுதான் இங்க காப்பீடு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு அவளை இரண்டு நாள் எரித்தது. வீட்டில் பாத்திரங்கள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டன.

நாலாவது கோடையில் கம்பெனியின் நிஜ முகம் தெரிந்தது. ஊர்ப் பணத்தில் புது மைதானம் கட்டிக் கொடுங்கள் என்று நகரசபையிடம் கேட்டார்கள். நூலகத்தின் கதவைச் சரிசெய்யவே வழியில்லாத நகரசபை கையை விரித்தது. அதற்காகவே காத்திருந்த மாதிரி, தெற்கே ஒரு பணக்காரப் புறநகர் வெறும் நிலத்தோடு தயாராக இருப்பதாகச் செய்தி வந்தது. ஊர் நிபந்தனையை நினைத்துத் தைரியமாக இருந்தது. மைதானம் நன்றாகத்தானே இருக்கிறது? அப்போதுதான் லீக்கிலிருந்து ஒரு ஆய்வாளர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறார் என்று தெரிந்தது. மைதானம் ஆட லாயக்கா இல்லையா என்று அவர்தான் சொல்ல வேண்டும். அழைத்தது கம்பெனியே.

அந்த ஞாயிறு மதியம் காலரி நிரம்பியிருந்தது. வெர்னா எப்போதும்போல மூன்றாவது பேஸுக்குப் பின்னால், ஓட்டைக் கூரைக்கு நேர் கீழே இருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு கிளீட்டஸ். ஆட்டம் பாதி நடந்தபோது ஆற்றுப் பக்கம் வானம் கறுத்தது. வெர்னா மேகத்தைப் பார்க்கவில்லை, ஆரனைப் பார்த்தாள். தார்ப்பாய் உருளைக்குப் பக்கத்தில் அவன் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"ஆரன்! பசங்க எங்கே?" என்று கத்தினாள்.

"லீவு கொடுத்தாச்சாம். காலையில வந்தப்பறம்தான் எனக்கே சொன்னாங்க."

வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. மழை வரும் என்று எல்லா வானொலியும் சொன்ன நாளில், ஆய்வாளர் வந்து உட்கார்ந்திருக்கும் நாளில், இரண்டு பேருக்கும் லீவு. மைதானம் குளமாக வேண்டும், அந்த மனுஷன் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மேலே கண்ணாடி அறையில் டிரெவின் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றான். முதல் துளிகள் அவள் தோளில் விழுந்தன.

"பாவிங்க," என்றாள். "திட்டம் போட்டுப் பண்றானுங்க." எழுந்தாள்.

"வெர்னா, போலீசைக் கூப்பிடுவான்," என்றான் கிளீட்டஸ்.

"கூப்பிடட்டும். வர்றவன் என் பஸ்ல மூக்கு ஒழுகிட்டு வந்தவன்தான்." பிறகு காலரியைப் பார்த்துத் திரும்பினாள். "என்ன எல்லாரும் உட்கார்ந்திருக்கீங்க? தண்ணி ஏறிட்டா அணி போச்சு. எந்திரிங்க! உன்னைத்தான் சொல்றேன், வால்டர், ஹாட் டாக்கைக் கீழ வை!"

சின்னக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. ஒருவரும் அதைப் பார்த்து நிற்கவில்லை, வேலியைத் தாண்டி இறங்கினார்கள். தாண்ட முடியாத வெர்னாவை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். மழை கொட்ட ஆரம்பித்தது. உருளை நகர்ந்தது. வருடக்கணக்கில் தொடாத கைகள் விளிம்பைப் பிடித்தன. "இழு!" என்றாள் வெர்னா. "இழு! இன்னும் இழு! அவசரப்படாதே, காத்து பூந்துடும்! இழு!" இரண்டு அணி ஆட்டக்காரர்களும் ஓடிவந்து பிடித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுப் பையன்கள், அவள் பேசுவது புரியாது, ஆனாலும் அந்தக் குரலுக்குக் கால்கள் கட்டுப்பட்டன. மூன்று பேர் விழுந்தார்கள். அதில் ஒருவர் மெதடிஸ்ட் சர்ச் பாதிரியார், பியர் அவர் கணக்கில் என்று அந்த மழையிலும் கூச்சல் போட்டார்கள். செம்மண் முழுக்க மூடியது.

மழை விட்டதும் தார்ப்பாயைச் சுருட்டினார்கள். கீழே மண் உலர்ந்து கிடந்தது. ஆட்டம் தொடர்ந்தது. லீக் ஆய்வாளர் வேலிப் பக்கம் வந்து வெர்னாவின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் எத்தனையோ மைதானம் பார்த்திருக்கேன்மா. இந்த மாதிரி பார்த்ததில்ல," என்றார். அன்றைக்கு ஊரே குடித்தது. வெர்னா வீட்டுக்குப் போகும் வழியில் பாடிக்கொண்டே போனாள். கிளீட்டஸுக்கு அவள் பாட்டுக் கேட்டே பல வருடமாகியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து கம்பெனி அறிவித்தது. மண்ணில் குறையில்லை, வடிகாலில் குறையில்லை. ஆனால் பார்வையாளர்கள் கும்பலாக மைதானத்துக்குள் புகுந்தார்கள், அவர்களைத் தடுக்க முடியவில்லை. ஆட்டக்காரர்களுக்குப் பாதுகாப்பில்லாத மைதானம் ஆட லாயக்கில்லாத மைதானம். அத்தனையும் வீடியோவில் இருக்கிறது. கண்ணாடி அறையிலிருந்து எடுத்த வீடியோ. லீக்கும் சரி என்றது. அணி அடுத்த வருடம் தெற்கே ஆடும். கும்பலைத் தூண்டிவிட்ட திருமதி ஸ்டூபெக் இனி ஆயுளுக்கும் இந்த மைதானத்துக்குள் வரக் கூடாது.

யாரும் ஆடப் போகாத மைதானத்துக்குள் வரக் கூடாதாம்! அடிக்கிறவன் அடித்துவிட்டு, அழுததற்கும் ஒரு அடி போட்ட மாதிரி. தார்ப்பாய் விரிந்தாலும் அவர்களுக்கு லாபம், விரியாவிட்டாலும் லாபம். உட்கார்ந்திருந்தால் குளத்தைக் காட்டியிருப்பார்கள், எழுந்ததால் எங்களைக் காட்டினார்கள். படித்த வக்கீல்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை இது.

வெர்னா சமையலறையில் நின்றுகொண்டு, சுவரில் செல்லாக்காசாகத் தொங்கிய பத்திரத்தைப் பார்த்தாள்.

"சொல்லேன்," என்றாள் கிளீட்டஸிடம். "நீ கை தூக்கி வித்தே, நான் கை போட்டு இழுத்துக் கெடுத்தேன். ரெண்டு கையும் ஒண்ணுதான்னு சொல்லேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ இழுத்தது சரி," என்றான் கிளீட்டஸ். "நான் தூக்கினதுதான் தப்பு."

"எதுக்குத் தூக்கினே? நாலு வருஷமாக் கேக்கிறேன். கோழிக்கா?"

அவன் தரையைப் பார்த்தான். "கூரைக்கு."

"என்னது?"

"மாத்தித் தர்றேன்னான். ஒவ்வொரு மழைக்கும் உன் தலையிலதான் ஒழுகுது. இடம் மாறி உட்காருன்னா நீ கேட்க மாட்டே. அதான்."

வெர்னா கையிலிருந்த ஈரத் துணியை அவன்மேல் எறிந்தாள். "முட்டாளே! நான் ஒழுகுதுன்னு எப்பவாவது சொன்னேனா? என் தலைக்குக் கூரை போட ஊரை வித்தியா?" கத்திக்கொண்டே அழுதாள். அழுகிறாளே என்று பக்கத்தில் போனவனுக்கு இன்னொரு துணியும் விழுந்தது.

அக்டோபரில் லாரிகள் வந்தன. விளக்குகள், நாற்காலிகள், பியர் குழாய்கள், ஸ்கோர் பலகையின் எழுத்துகள் எல்லாம் ஏறின. ஊர் ஜனம் வேலிக்கு வெளியே தெருவில் நின்று பார்த்தது. வெர்னாவும் அங்கேதான் நின்றாள், உள்ளே போகக் கூடாதே. கடைசியில் தார்ப்பாய் மிச்சமிருந்தது. நல்ல தார்ப்பாய், அதையும் கொண்டுபோக வேண்டுமாம். லாரியோடு வந்திருந்தவர்கள் மூன்றே பேர். முந்தின நாள் மழையில் அது தண்ணீர் குடித்து ஊறிக் கிடந்தது. மூன்று பேரும் டிரெவினும் சேர்ந்து தள்ளினார்கள். உருளை அசையவில்லை. டிரெவினின் பூட்ஸ் சேற்றில் புதைந்தது. மறுபடியும் தூறல் போட ஆரம்பித்தது.

அவன் வேலி அருகே வந்தான். சட்டை மடிப்பு கலைந்திருந்தது.

"கொஞ்சம் கை கொடுக்க முடியுமா? அஞ்சு நிமிஷ வேலைதான். எப்படி நகர்த்துறதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

ஒருவரும் அசையவில்லை. வெர்னா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அவள் கத்தவில்லை, அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

"பார்வையாளர்கள் மைதானத்துல இறங்கக் கூடாது. தார்ப்பாயைத் தொடக் கூடாது. ஒலிபெருக்கில நீதானே சொன்னே தம்பி? விழுந்து அடிபட்டா யார் பொறுப்பு?"

"மேடம், நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன்..."

"நானும்தான். பஸ்ஸைக் கவுத்துன்னு சொன்னா கவுத்துவேனா?"

டிரெவின் கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். கண் கிளீட்டஸ்மேல் வந்து நின்றது. யார் கூப்பிட்டாலும் போய்க் குழாயைச் சரிசெய்து கொடுக்கிற மனுஷன் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. அவனுடைய கண்ணாடி அறைக் கழிவறையைக்கூடக் கிளீட்டஸ்தான் பழுது பார்த்தான்.

"மிஸ்டர் ஸ்டூபெக், நீங்களாவது வாங்க. நீங்க வந்தா மத்தவங்களும் வருவாங்க."

கிளீட்டஸின் கை, பழக்கதோஷத்தில், வேலியை நோக்கிக் கொஞ்சம் எழும்பியது. வெர்னா அதைப் பார்த்தாள். தெருவே அதைப் பார்த்தது. கிளீட்டஸ் அந்தக் கையைத் திருப்பிக் கோட்டுப் பைக்குள் விட்டான். இன்னொரு கையையும் விட்டான்.

"உங்களுக்காக ஒரு தடவை தூக்கியாச்சு தம்பி," என்றான். "இனிமே தூக்காது."

மழை வலுத்தது. நாலு பேரும் வழுக்கி வழுக்கித் தள்ளினார்கள், டிரெவின் முழங்கால் வரை சேற்றில் விழுந்தான். பியர் யார் கணக்கில் என்று வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை, குடையும் பிடிக்கவில்லை, போகவுமில்லை. கடைசியில் லாரி தார்ப்பாய் இல்லாமல் கிளம்பியது. அணி போய்விட்டது, அதற்கு மாற்றுக் கிடையாது. அதை வெர்னாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. லாரி பாலத்தைத் தாண்டும்வரை தெருவில் நின்று வைதுகொண்டே இருந்தாள்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது கிளீட்டஸின் கை உப்பு டப்பாவை நோக்கி நீண்டது. பாதியில் தயங்கியது. வெர்னா டப்பாவை எடுத்து அவன் பக்கம் வைத்தாள். வைத்துவிட்டு மறுபடியும் கம்பெனிக்காரனைத் திட்ட ஆரம்பித்தாள், அவன் வக்கீலை, அவன் வெள்ளரிக்காயை, அவன் கூரையை. இந்தத் தடவை கிளீட்டஸும் சேர்ந்து திட்டினான். சூப் ஆறிப்போகும்வரை இருவரும் திட்டினார்கள்.